வன்னிப் பாடசாலையில் பிராணி பராமரிப்புக் குழு தொடங்க: கடிதம் முதல் தண்ணீர்ச் சட்டி வரை

பாடசாலை விட்டு வரும் வழியில் வாய்க்கால் கட்டில் ஏழெட்டுப் பொடியங்கள் கூடிநின்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஓணான் ஒன்றுக்கு ஈர்க்கில் சுருக்குப் போட்டு, வாயில் புகையிலையைத் திணித்து, அது தலைசுற்றி ஆடுவதை வேடிக்கை பார்க்கிறார்கள். அதில் ஒருவன் என் அக்காவின் மகன். தாய் செத்த ஆட்டுக்குட்டிக்கு இரவு எழும்பிப் போத்திலில் பால் பருக்குகிறவனும் அதே பொடியன்தான். அவனைத் திட்டவும் மனம் வரவில்லை, விட்டுவிட்டுப் போகவும் முடியவில்லை. அப்படித்தான் இந்த வேலையில் இறங்கினேன்.

நான் ஆசிரியை இல்லை. மகள் படிக்கிற பாடசாலையின் அபிவிருத்திச் சங்கத்தில் ஓர் உறுப்பினர், வீட்டில் நாலு மாடும் பத்துப் பன்னிரண்டு ஆடும் நிற்கின்றன. அவ்வளவுதான் தகுதி. தொடங்கிய விதமும் பிழை. அதிபரிடம் வாயால் கேட்டுவிட்டு, முதல் நாளே ஒரு நாய்க்குட்டியைக் காட்போட் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுபோனேன். பிள்ளைகள் முண்டியடித்தார்கள், குட்டி பயந்து ஒரு பிள்ளையின் கையைக் கீறிவிட்டது. குட்டிக்கு ஊசி போட்டிருக்கவில்லை. பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினோம். மறுநாள் தாயும் தகப்பனும் வாசலில் நின்று கேட்ட எந்தக் கேள்விக்கும் என்னிடம் பதில் இல்லை, காட்டுவதற்கு ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. நாலு மாதம் அந்தப் பக்கம் தலைகாட்டவில்லை.

இரண்டாம் முறை ஒழுங்காகச் செய்தேன், நடந்துகொண்டிருக்கிறது. உங்கள் ஊரில் இதைத் தொடங்க நினைத்தால், அந்த நாலு மாதமாவது உங்களுக்கு மிச்சமாகட்டும்.

1. என்ன கற்பிக்கப் போகிறீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதுங்கள்

யாரிடம் போனாலும் முதலில் கேட்பது இதைத்தான். "பிராணிகளிடம் அன்பு காட்டப் பழக்குதல்" என்று எழுதிக்கொண்டு போனால் நல்ல விசயம் என்பார்கள், தாளை மேசையில் வைப்பார்கள், அது அங்கேயே கிடக்கும்.

வன்னிப் பிள்ளைக்கு ஆடுமாடு புதிது இல்லை. விடியப் பட்டியை அவிழ்த்துவிட்டுச் சாணம் அள்ளிவிட்டுப் பாடசாலைக்கு வருகிற பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் இருக்கிறார்கள். பட்டிப்பொங்கலுக்கு மாட்டைக் குளிப்பாட்டி மாலை போடும்போது அவர்கள் முகத்தைப் பார்த்தால் தெரியும், பாசத்துக்குக் குறைவில்லை. தெரியாமலிருப்பது கைவேலை: கயிறு எவ்வளவு இறுக்கலாம், நாய் உறுமினால் எப்படி நிற்பது, விழுந்த குஞ்சை என்ன செய்வது. ஆகவே உங்கள் தாளில் எல்லாவற்றையும் செய்கையாக எழுதுங்கள். "தண்ணீர் வைத்தல், கயிறு பார்த்தல், நாய்க்கடிக்கு முதலுதவி" என்று எழுதியபோதுதான் அதிபர் பேனையை எடுத்தார்.

உலகம் முழுதும் பிராணி நலம் பற்றிப் பேசுகிறவர்கள் ஐந்து சுதந்திரங்கள் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறார்கள். பசி தாகம் இல்லாமை, வசதியான இருப்பிடம், நோவும் நோயும் இல்லாமை, தன் இயல்புப்படி நடக்க இடம், பயமில்லாமை. அதை நான் ஐந்து கேள்வியாக மாற்றிச் சுவரில் ஒட்டினேன்: தண்ணி கிடக்கா? நிழல் இருக்கா? எங்கயாவது நோகுதா? தன்ர பாட்டில நடக்க, மேய, சேர இடம் இருக்கா? ஆரையும் கண்டு பயப்படுதா? எந்தப் பிராணியைப் பார்த்தாலும் இந்த ஐந்தையும் கேட்கச் சொல்லுங்கள். மற்றப் பாடங்கள் எல்லாம் இதிலிருந்துதான் வரும்.

2. புதுக் கழகம் தொடங்காதீர்கள்

புதிதாக ஒரு கழகம் என்றால் பொறுப்பாசிரியர், பதிவேடு, கூட்ட அறிக்கை என்று வேலை கூடும். ஆசிரியர்களுக்கு இருக்கிற பாரம் போதும். பெரும்பாலான பாடசாலைகளில் மத்திய சுற்றாடல் அதிகார சபையின் சுற்றாடல் முன்னோடிக் குழுவோ, சுகாதாரக் கழகமோ ஏற்கனவே இருக்கும். அதன் பொறுப்பு ரீச்சரை முதலில் பிடியுங்கள். அவருடைய ஆண்டுத் திட்டத்துக்குள் உங்கள் வேலை ஒரு வரியாக நுழைந்துவிட்டால் பாதித் தூரம் கடந்தாயிற்று.

வகுப்பு என்று பார்த்தால் தரம் 6, 7, 8தான் சரி. தரம் 5 பிள்ளைகளைப் புலமைப் பரிசில் முடியும்வரை யாரும் தரமாட்டார்கள், கேட்காமலே விடுவது மரியாதை. 25 பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம்.

3. கடிதங்கள்

இதில்தான் கன பேர் வழுக்குவது. தேவைப்படுபவை இவை.

அதிபருக்கு ஒரு கடிதம். அதில் உங்கள் பெயர், தேசிய அடையாள அட்டை இலக்கம், பாடசாலையோடு உங்களுக்கு என்ன தொடர்பு, எந்தத் தரம், கிழமையில் எந்த நாள், எத்தனை மணி, எத்தனை கிழமை, யார் கூட நிற்பார்கள், செலவு யாருடையது. முதல் பக்கத்திலேயே "உயிருள்ள பிராணிகள் எவையும் பாடசாலைக்குள் கொண்டுவரப்படமாட்டா" என்ற வரி இருக்கட்டும். என் இரண்டாவது கடிதத்தை அதிபர் வாசித்துக்கொண்டு வந்து அந்த இடத்தில் நிமிர்ந்து, "இதை முதல் தரமே எழுதியிருக்கலாம் பிள்ளை" என்றார்.

வலயக் கல்விப் பணிப்பாளருக்கு ஒரு கடிதம். பாடசாலைக்கு வெளியிலிருந்து ஆட்கள் வந்து தொடர்ச்சியாகப் பிள்ளைகளோடு வேலை செய்வதென்றால் வலயத்தின் அனுமதியைக் கையில் வைத்திருப்பதுதான் பாதுகாப்பு. நான் நேரே கொண்டுபோய்க் கொடுத்தேன், "அதிபர் ஊடாக அனுப்பவும்" என்று திரும்பிவந்தது. இரண்டு கிழமை போச்சு. அதிபரின் சிபாரிசும் இறப்பர் முத்திரையும் உள்ள பிரதிதான் அங்கே நகரும். வலயம் எது என்றும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கிளிநொச்சியில் வடக்கு, தெற்கு என்று இரண்டு வலயம், முல்லைத்தீவு மாவட்டத்தில் முல்லைத்தீவு, துணுக்காய், வவுனியாவிலும் வடக்கு, தெற்கு. வீடு ஒரு வலயத்திலும் பிள்ளையின் பாடசாலை மற்ற வலயத்திலும் இருப்பது இங்கே சாதாரணம்.

பெற்றோர் சம்மதப் படிவம். ஒரே பக்கம், தெளிவான தமிழ். பிள்ளைக்கு இழுப்பு, ஒவ்வாமை ஏதும் உண்டா, முன்பு நாய் பூனை கடித்து ஊசி போட்டதா, படம் எடுக்கச் சம்மதமா என்று மூன்று கேள்வி கட்டாயம். படத்துக்கான சம்மதத்தைத் தனியாகக் கையெழுத்து வாங்குங்கள். பிள்ளை மாட்டோடு நிற்கும் படத்தை யாரோ முகநூலில் போட்டு, பிறகு சண்டை தீர்த்துவைத்த அனுபவத்தில் சொல்கிறேன்.

பாடசாலைக்கு வெளியே, பக்கத்துப் பட்டிக்குப் போவதாக இருந்தாலும், அதுவும் வெளிக்களப் பயணம்தான். அதற்கு வேறு அனுமதி, வேறு சம்மதம். இரண்டு ஆசிரியர்களாவது கூட வரவேண்டும்.

எல்லாவற்றிலும் மூன்று பிரதி எடுத்து, ஒன்றில் "கிடைத்தது" என்று திகதியோடு கையெழுத்து வாங்கி வையுங்கள். அலுவலகத்தில் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேளுங்கள்.

4. எப்போது தொடங்குவது

கடிதத்தை மூன்றாம் தவணை முடிய முன்னமே கொடுங்கள். அடுத்த வருடத் திட்டம் அப்போதுதான் எழுதுவார்கள். முதலாம் தவணையில் புதுப் பிள்ளைகள் சேர்ப்பு, பிறகு இல்ல விளையாட்டுப் போட்டி. மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு கிடக்கும்வரை உங்களை ஒருவரும் கவனிக்கமாட்டார்கள். என் கடிதம் கொடுத்து அனுமதி வர ஏழு கிழமை எடுத்தது. வேலையைத் தொடங்க நல்ல நேரம் இரண்டாம் தவணை. வெயில் ஏறி, குளம் வற்றத் தொடங்கும் காலம். தண்ணீர் வைப்பது ஏன் என்று ஒருவருக்கும் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

கார்த்திகை, மார்கழியில் எதுவும் வைக்காதீர்கள். மழை, வெள்ளம், பரீட்சை. ஆனால் மழைக்கு முன்னர் ஒரு பாடம் கட்டாயம் நடத்துங்கள்: கொட்டில். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிர்காற்றில் வடக்கிலும் கிழக்கிலும் நூற்றுக்கணக்கில் ஆடுமாடு செத்தது இங்கே பிள்ளைகளுக்கும் ஞாபகம். வெட்டையில் நனைந்து நின்றவைதான் கூடுதலாகப் போனவை. காற்று வருகிற பக்கம் படங்கு கட்டுவது, நிலத்தில் வைக்கோல் போடுவது, கன்றுக்கு உலர்ந்த சாக்கு. இவ்வளவையும் ஐப்பசியிலேயே செய்துவைக்கலாம்.

ஒக்டோபர் 4 உலக விலங்குகள் நாள், செப்டெம்பர் 28 உலக விசர்நாய்க்கடி நாள். காலைக் கூட்டத்தில் பேச நேரம் வேண்டுமென்றால் இந்த இரண்டையும் காரணம் காட்டுங்கள், கிடைக்கும்.

5. இரண்டு அலுவலகங்களுக்கு நடக்க வேண்டும்

முதலாவது, உங்கள் பிரிவு கால்நடை வைத்தியர் பணிமனை. காலையிலேயே போங்கள். டொக்டர் களத்துக்குப் போய்விட்டால் அன்றைய நாள் போனதுதான். ஒரு பிரிவு முழுவதற்கும் அவர்தான் என்பதால் மாதாமாதம் வாருங்கள் என்று கேட்காதீர்கள். ஒரு தவணைக்கு ஒரு தடவை, 40 நிமிடம். அதோடு நாய்களுக்கான விசர் தடுப்பூசி முகாம் உங்கள் பக்கம் எப்போது நடக்கும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். முகாமில் அந்த ஊசி இலவசம், ஆண்டுதோறும் போட வேண்டும். அட்டையைப் பத்திரப்படுத்துவது பிள்ளையின் பொறுப்பு என்று வையுங்கள். எங்கள் குழுவில் அந்த அட்டைகள் கொப்பி உறைக்குள் இருக்கின்றன, பெரியவர்களிடம் கொடுத்தால் கூரையில் செருகி மழையில் கரைந்துவிடும்.

இரண்டாவது, பொதுச் சுகாதாரப் பரிசோதகர். இவரிடம் ஏன் என்று நானும் நினைத்தேன். பறவைகளுக்குத் தண்ணீர் என்று ஆறு சட்டியைப் பாடசாலைக்குள் வைத்திருந்தோம். டெங்குப் பரிசோதனைக்கு வந்தவர் ஒன்றில் நுளம்புக் குடம்பியைக் கண்டார். அதிபருக்கு எழுத்தில் எச்சரிக்கை, எனக்கு அதிபரிடமிருந்து வாயால். இப்போது ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு பிள்ளையின் பெயர் உண்டு. தினமும் பழைய தண்ணீரை வெளியே ஊற்றிவிட்டுத் தேங்காய்ப் பொச்சால் உரஞ்சிக் கழுவி, புதுத் தண்ணீர் விடவேண்டும். வெறுமனே மேலே ஊற்றி நிரப்பினால் போதாது, முட்டை சட்டியின் சுவரில் ஒட்டியிருக்கும்.

6. பாடங்கள்

கிழமைக்கு ஒன்று, 40 நிமிடம். நான் நடத்திய ஒழுங்கில் சொல்கிறேன், நீங்கள் மாற்றலாம். முதல் இரண்டை மட்டும் மாற்றாதீர்கள்.

நாயோடு எப்படி நிற்பது. பிள்ளை நாயிடம் கடிபட்டால் எல்லாம் அன்றோடு முடிந்துவிடும், ஆகையால் இதுதான் முதல். ஓடக்கூடாது, கத்தக்கூடாது, கல்லெடுக்கக் குனியக்கூடாது. பனை மாதிரி நில்: கால் சேர்த்து, கை உடம்போடு, கண் நிலத்தைப் பார்த்து. தள்ளி விழுத்திவிட்டால் முழங்காலை மடித்து, கையால் கழுத்தையும் காதையும் மூடி, கல்லு மாதிரிக் கிட. தின்னும் நாய், படுத்திருக்கும் நாய், கட்டியிருக்கும் நாய், குட்டியோடு இருக்கும் நாய், இந்த நாலிடமும் கிட்டப் போவதில்லை. மைதானத்தில் இதை விளையாட்டாகவே நடத்தலாம். ஒரு பிள்ளை நாய், மற்றவர்கள் பனை. சிரிக்காமல் நிற்பவர் வெல்லுவார்.

கடித்தால் என்ன செய்வது. சவர்க்காரம் போட்டு, ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவு. குழாய் இல்லாத இடத்தில் ஒருவர் வாளியால் ஊற்ற மற்றவர் கழுவட்டும். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதே. அப்புறம் ஆஸ்பத்திரி, அன்றைக்கே. அரச ஆஸ்பத்திரியில் ஊசி இலவசம். பூனை, கீரி, குரங்கு கடித்தாலும் இதேதான், கீறலும் கடிதான். விசர் வந்து குணம் காட்டத் தொடங்கிவிட்டால் காப்பாற்ற வழியில்லை என்பதைப் பயமுறுத்தாமல், ஆனால் மறைக்காமல் சொல்லுங்கள். பிள்ளைகள் கடியை மறைப்பார்கள், அடி விழுமென்று. "கடிச்சதைச் சொன்னால் ஒருத்தரும் அடிக்கமாட்டம்" என்று பெற்றோர் கூட்டத்தில் பெற்றோரையே சொல்லவையுங்கள். கடித்த நாயை அடித்துக் கொல்லவும் கூடாது. அதைக் கட்டிவைத்து, வைத்தியர் சொல்லும் நாள்வரை கவனித்தால்தான் விசரா இல்லையா என்று தெரியும்.

கயிறு. இதை நான் பாடமாக நினைத்திருக்கவே இல்லை. ஐந்து கேள்வியையும் வீட்டு மாட்டிடம் கேட்டுவரச் சொன்ன கிழமை, தரம் 6 பிள்ளை ஒன்று வகுப்பு முடிந்தும் போகாமல் நின்றது. "அன்ரி, எங்கட கண்டுக்குக் கழுத்தில புண். கண்டு வளருது, கயிறு வளரேல்ல." அவ்வளவுதான் சொன்னது. அன்று பின்னேரம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். ஐந்து மாத நாம்பன் கன்று. கழுத்து மயிருக்குள் நைலோன் கயிறு புதைந்து, மேலிருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. விரலால் தடவினால்தான் ஈரம் படுகிறது. தகப்பன் கத்தியால் கயிற்றை அறுத்துவிட்டு ஒன்றும் பேசாமல் வேலிப் பக்கம் போனார். புண்ணில் புழு இருந்தது, அதனால் நாங்கள் கைவைக்காமல் டொக்டருக்கு அறிவித்தோம்.

அதற்குப் பிறகு விதி இது: கழுத்துக்கும் கயிற்றுக்கும் நடுவே இரண்டு விரல் சுகமாக நுழைய வேண்டும். கன்றுக்கு மாதம் ஒரு தடவை பார். நைலோன் வேண்டாம், தடித்த பருத்திக் கயிறு அல்லது பழைய துணி சுற்றிய கயிறு. பிள்ளைகள் இப்போது பக்கத்து வீட்டு மாட்டுக்கும் போய் விரல் விட்டுப் பார்க்கிறார்கள். சில வீடுகளில் பேச்சும் வாங்கினார்கள்.

தண்ணீர்க் கணக்கு. பால் கறக்கும் மாடு ஒன்று வெயில் காலத்தில் நாளொன்றுக்கு 40, 50 லீற்றர் குடிக்கும். 10 லீற்றர் வாளியால் எத்தனை வாளி? வீட்டில் எத்தனை வைக்கிறீர்கள்? கணித ரீச்சருக்கு இந்தப் பாடம் நல்ல விருப்பம். பழைய ரயரை வெட்டித் தொட்டி செய்யத் தெரிந்த தகப்பன்மார் ஊரில் இருப்பார்கள், ஒருவரை அழைத்துவாருங்கள்.

வீதி. ஏ9 வீதியில் இரவில் படுத்திருக்கும் மாடுகளில் மோதி மாடும் போகிறது, மோட்டார்சைக்கிளில் வருகிறவரும் போகிறார். பொழுதுபட முன் பட்டிக்குச் சாய்ப்பது, கழுத்தில் வெளிச்சம் பட்டால் மின்னும் பட்டி கட்டுவது. சாப்பாடு சுற்றிய பொலித்தீனை எறியாமல் விடுவதும் இந்தப் பாடத்துக்குள்தான் வரும். உப்புச்சுவைக்கு மாடு பையோடு விழுங்கிவிடும், இரைப்பையில் அது கரையாது.

காட்டுப் பிராணிகள். யானை, பாம்பு, மயில், குரங்கு, கிளி. இதற்கு ஒரு பாடவேளை போதாது, இரண்டு எடுங்கள். சாரம் ஒன்றுதான்: தள்ளி நில். பின்னேர ரியூசன் முடிந்து சைக்கிளில் வரும் பிள்ளைகள் யானை நின்றால் திரும்பிப் போக வேண்டும், படம் எடுக்க நிற்கக் கூடாது. காட்டோரம் கிடக்கும் பூசணிக்காய், பழம் எதையும் தொடக்கூடாது. பன்றிக்கென்று பழத்துக்குள் வெடி வைக்கிறார்கள், யானைக்குட்டியின் வாயைக் கிழிப்பதும் அதுதான், பிள்ளையின் கையையும் விடாது. புடையன், நாகம் கண்டால் பெரியவரைக் கூப்பிடு, நீ அடிக்கப் போகாதே. அடிக்கப் போகிற நேரத்தில்தான் கன கடி விழுகிறது. கடித்தால் கீறாதே, உறிஞ்சாதே, இறுக்கிக் கட்டாதே, அசையாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோ.

இன்னொன்று. கன்று போன வழியில் காட்டுக்குள் ஓடாதே. மிதிவெடிப் பலகையும் சிவப்புப் பட்டியும் கண்ட இடத்தில் கன்றை விட்டுவிட்டுத் திரும்பு. இதை மென்மையாகச் சொல்லாதீர்கள்.

7. வாயைக் கட்டிக்கொள்ள வேண்டிய இடங்கள்

"வீட்டில் யார் வேட்டைக்குப் போகிறது?" என்று ஒருபோதும் கேட்காதீர்கள். உடும்பும் மானும் பிடிப்பது வனசீவராசிகள் சட்டப்படி குற்றம். பிள்ளை கள்ளமில்லாமல் கையை உயர்த்திவிடும். நீங்கள் ஒரு குடும்பத்தைக் காட்டிக்கொடுத்தவர் ஆவீர்கள், பிள்ளை அதற்கு மேல் வராது. கேட்காமலே சொன்னாலும் வகுப்புக்கு நடுவில் எடுக்காதீர்கள்.

மாட்டு வண்டில் சவாரி, கோயில் வேள்வியில் கிடாய் வெட்டுவது, மாட்டுக்குக் குறிசுடுவது. மூன்றையும் பற்றி எனக்குத் திடமான கருத்து உண்டு. முதல் தவணையில் மூன்றையும் தொடவில்லை. சவாரி மாடு வளர்ப்பவர் ஒருவரையே இரண்டாம் தவணையில் அழைத்து, மாட்டுக்கு என்ன தீன், எப்படி உடம்பு தேய்ப்பது என்று பேசச்சொன்னேன். பேச்சுக்கு நடுவில் ஒரு பொடியன் எழும்பி, "ஐயா, துவரந்தடியால அடிச்சால் அதுக்கு நோகாதோ?" என்றான். அவர் சிரித்தார், பிறகு கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை. அந்தக் கேள்வியை நான் கேட்டிருந்தால் சண்டையாகியிருக்கும்.

இறைச்சி தின்னலாமா என்று பிள்ளைகள் கேட்பார்கள். அது அவரவர் வீட்டு விசயம், உயிரோடு இருக்கும்வரை துன்புறுத்தக் கூடாது என்பதுதான் எங்கள் பாடம் என்று சொல்லிக் கடந்துவிடுங்கள். சைவப் பிள்ளையும் கத்தோலிக்கப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் ஒரே வாங்கில் இருக்கிற வகுப்பு.

சட்டத்தைக் காட்டிப் பயமுறுத்துவதும் வேலைக்காகாது. பிராணிகளைக் கொடுமைப்படுத்துவதைத் தடுக்கும் 1907ஆம் ஆண்டின் 13ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் வைத்த ஆகக்கூடிய தண்டப்பணம் 100 ரூபா. ஒரு பிளேன்ரீயும் வடையும் வாங்கினால் முடிந்துவிடும் காசு. மூன்று மாதம்வரை மறியலும் அதில் உண்டு என்பது வேறு விசயம்.

8. குஞ்சோடு ஒரு பிள்ளை வந்து நிற்கும்

இரண்டாம் மூன்றாம் கிழமையில் இது நடக்கும், தயாராக இருங்கள். சண்டைக் காலத்தில் தலை போன பனைகளின் பொந்துகளில் கிளி கூடு கட்டும். குஞ்சை எடுத்து வளர்ப்பது பொடியங்களுக்குப் பெரிய ஆசை. உங்கள் குழு தொடங்கியதும் "காப்பாற்றினேன்" என்று கொண்டுவருவார்கள். திட்டாதீர்கள். எங்கே எடுத்தாய் என்று கேட்டு, கூடு எட்டுமென்றால் பெரியவர் ஒருவரைக் கொண்டு திருப்பி வைப்பியுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது வெறும் கதை. இறகு முளைத்துத் தத்தும் குஞ்சு நிலத்தில் நின்றால் அது பறக்கப் பழகுகிறது. பூனை எட்டாத கிளையில் வைத்துவிட்டுத் தள்ளிப் போனால் தாய் வரும்.

காயம்பட்ட காட்டுப் பிராணி என்றால் வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992 இலக்கத்துக்கு எடுங்கள். மயில், ஆமை, குரங்குக்குட்டி எதையும் வீட்டில் வைத்திருக்கவேண்டாம், நல்ல மனதோடு வைத்திருந்தாலும் சட்டச் சிக்கல் வரலாம்.

அடிபட்ட நாய் பூனையைப் பிள்ளைகள் தூக்கவே கூடாது. நோவில் வளர்த்தவரையே கடிக்கும்.

9. செலவு

முதல் தவணைக்கு எனக்கு 8,200 ரூபா போனது. போட்டோக்கொப்பி 1,200, பிறிஸ்டல் போட்டும் மார்க்கரும் 1,450, மண்சட்டி ஆறு 2,100, சவர்க்காரமும் முதலுதவிச் சாமானும் 900, பஸ்ஸும் ஓட்டோவும் 1,800, டொக்டர் வந்த அன்று தேநீரும் பணிஸும் 750. பஸ் காசுதான் நான் முதலில் கணக்கில் வைக்காதது. வலயத்துக்கு மட்டும் நாலு தரம் ஏறி இறங்கினேன்.

பிள்ளைகளிடம் ஐந்து ரூபாவும் வாங்காதீர்கள். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் அனுப்பத் தயாராக இருப்பார்கள், ஆனால் காசு உங்கள் சொந்தக் கணக்குக்கு வரக்கூடாது. அபிவிருத்திச் சங்கக் கணக்குக்கு வரட்டும், பற்றுச்சீட்டு எழுதட்டும். பெரிய தொகை தருகிறோம், ரீசேட் அடியுங்கள் என்று ஒருவர் எழுதினார். ரீசேட் வேண்டாம், 20 மீற்றர் பருத்திக் கயிறு வாங்கித்தாருங்கள் என்றேன். பதில் வர மூன்று நாள் எடுத்தது, கயிறு வந்தது.

10. ஓகஸ்ட் விடுமுறை

எல்லாரும் மறப்பது இது. வெயில் உச்சத்தில் நிற்கிற மாதத்தில் பாடசாலை பூட்டு. அதுவரை தினமும் தண்ணீர் குடிக்கப் பழகிய மைனாவும் அணிலும் கட்டாக்காலி நாயும் வாசலில் வந்து நிற்கும். முதல் வருடம் நாங்கள் மறந்துவிட்டோம், சட்டி ஆறும் காய்ந்து கவிழ்ந்து கிடந்தன.

இப்போது விடுமுறைக்கு ஒரு கிழமை முன்னதாகச் சட்டிகளை எடுத்து, பாடசாலைக்குக் கிட்டவுள்ள ஆறு வீட்டு வேலிக்கு வெளியே வைத்துவிடுகிறோம். எந்த வீடு, எந்தப் பிள்ளை, எந்தச் சட்டி என்று ஒரு தாள், அதில் ஒரு பிரதி இரவுக் காவலாளி அண்ணையிடம். அவர் தாளைப் பார்ப்பதில்லை. பின்னேரம் நடந்துவரும்போது சட்டிக்குள் கையை விட்டுப் பார்க்கிறார், காய்ந்திருந்தால் வேலிக்கு மேலால் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிறார்.